கலியன் எழுப்பிய திருமதில்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

திருச்சிராப்பள்ளியிலிருந்து துறையூர் செல்லும் சாலையில் ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தொலைவில் திருவெள்ளறை திவ்யதேசம் உள்ளது. செந்தாமரைக்கண்ணனை ஸேவிக்க வரும் அன்பர்களை முதலில் எதிர்கொள்வது முற்றுப்பெறாமல் நிற்கும் முகப்புக் கோபுரம். கல்லாலான கீழ்ப்பகுதி உறுதியாக இருக்கிறது; அதற்கு மேல் எழ வேண்டிய நிலைகள் எழவேயில்லை. அதைக் கடந்து 18 படிகள் ஏறி, பலிபீடத்தைச் சேவித்து, மேலும் 4 படிகள் ஏறி உள்ளே செல்கிறோம். தை முதல் உத்தராயண வாசல், ஆடி முதல் தக்ஷிணாயன வாசல் என்று எம்பெருமானிடம் செல்லும் வழியே காலத்திற்கேற்ப மாறும் திருத்தலம் அது.

அதே ஊரில் நான்கு புறமும் படிகளோடு ஸ்வஸ்திக வடிவில் வெட்டப்பட்ட ஒரு கிணறு உண்டு. ஒரு துறையில் நீராடுபவர் மற்றொரு துறையில் நீராடுபவரைக் காண இயலாது என்பதால் ஊரார் அதை மாமியார் மருமகள் கிணறு என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். கல்வெட்டில் அதன் பெயர் மாற்பிடுகு பெருங்கிணறு. பல்லவ மன்னன் தந்திவர்மனின் 4-ஆம் ஆட்சியாண்டில் தொடங்கி 5-ஆம் ஆட்சியாண்டில், அதாவது ஏறக்குறைய கி.பி. 800-இல், வேலை முடிந்தது. செய்வித்தவர் ஆலம்பாக்கத்து விசயநல்லூழானின் தம்பி கம்பன் அரையன். தொடங்கிய ஆண்டு, முடித்த ஆண்டு, செய்வித்தவர் பெயர் மூன்றும் கல்லில் இருக்கின்றன. முப்பத்தைந்து ஆண்டுகள் வங்கியில் பேரேடுகளோடு வாழ்ந்த அடியேனுக்கு அந்தக் கல்வெட்டைக் கண்டால் ஒரு மகிழ்ச்சி. இப்படி முடித்துக் கணக்கையும் எழுதி வைத்தவர்கள் குறைவு.

இந்தத் திருவெள்ளறையைப் பெரியாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் மங்களாசாஸனம் செய்திருக்கிறார்கள். திருமங்கையாழ்வாரின் பதிகம் பெரிய திருமொழியில் ஐந்தாம் பத்தின் மூன்றாம் திருமொழி. அதன் வியாக்யானத்தை அன்பர்கள் அறிவர். இம்முறை பதிகத்தின் பொருளுக்குப் போகாமல், அதைப் பாடியவரின் சரிதத்தில் ஒரு பகுதியைச் சொல்ல விரும்புகிறேன். அது அவர் திருவரங்கத்தில் மதில் கட்டிய பகுதி. அதற்கு ஒரு காரணம் உண்டு.

அடியேன் பொருளாளராக இருக்கும் சிறிய கோஷ்டி ஒன்று, தனக்குள்ள பழைய கூடத்தை ஒட்டி ஒரு ததீயாராதனக் கூடம் கட்டத் தொடங்கியது. கடைக்கால் எடுத்தோம், தூண்கள் எழுந்தன, தளத்துக்குக் கம்பியும் கட்டியாயிற்று. அந்த வாரம் ஓர் அன்பர் தருவதாகச் சொல்லியிருந்த தொகை வந்து சேரவில்லை. சனிக்கிழமை மாலை கொத்தனாரும் சித்தாள்களும் கைகால் கழுவிக்கொண்டு கூலிக்காக நின்றார்கள். திங்கட்கிழமை வரை பொறுக்கச் சொன்னோம். அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. ஓர் அம்மாள் மட்டும் காலியான தூக்குப் பாத்திரத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டு சிறிது நேரம் நின்றுவிட்டுப் போனார். அன்றிரவு குருபரம்பரையை எடுத்து ஆழ்வாரின் சரிதத்தை மீண்டும் வாசித்தேன். பலமுறை கேட்ட கதைதான். ஆனால் அன்று அது வேறு விதமாக இருந்தது.

சோழநாட்டில் திருவாலி, திருநகரிக்கு அருகேயுள்ள திருக்குறையலூரில், கார்த்திகை மாதக் கார்த்திகை நட்சத்திரத்தில், எம்பெருமானின் சார்ங்கம் என்னும் வில்லின் அம்சமாக அவதரித்தவர் திருமங்கையாழ்வார். பெற்றோர் இட்ட பெயர் நீலன். சோழ மன்னனின் படைத்தலைவராகிப் போரில் வென்று ஆலிநாட்டைப் பெற்றார். பகைவர்க்குக் காலன் போன்றவர் என்பதால் பரகாலன் என்ற பெயர் ஏற்பட்டது. குருபரம்பரை அவரது காலத்தைக் கலியுகத்தின் தொடக்க நூற்றாண்டுகளில் வைக்கும். காஞ்சிப் பரமேச்சுர விண்ணகரத்தைப் பாடும்போது பல்லவ மன்னனின் வெற்றிகளைச் சொல்வதைக் கொண்டு, ஆராய்ச்சியாளர்கள் அவரை நந்திவர்ம பல்லவமல்லனின் காலமான 8-ஆம் நூற்றாண்டில் வைப்பார்கள். அப்படிக் கொண்டால், மாற்பிடுகு பெருங்கிணறு தோண்டப்பட்ட காலமும் ஆழ்வார் திருவெள்ளறைக்கு எழுந்தருளிய காலமும் ஒன்றுக்கொன்று மிக நெருங்கியவை.

அவரது வாழ்வில் பணம் எப்போதும் வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருந்தது. திருவெள்ளக்குளத்தில் ஒரு வைத்தியர் வளர்த்த குமுதவல்லி நாச்சியாரை மணக்க விரும்பினார். நாச்சியார் இரண்டு நிபந்தனைகள் விதித்தார். பஞ்சஸம்ஸ்காரம் பெற்று வைஷ்ணவராக வேண்டும். ஓராண்டுக் காலம் நாள்தோறும் 1008 ஸ்ரீவைஷ்ணவர்களுக்கு அமுது செய்விக்க வேண்டும். முதலாவது திருநறையூர் நம்பியின் திருமுன்பே நிறைவேறியது. இரண்டாவதற்குக் கைப்பொருள் போதவில்லை. சோழனுக்குக் கட்ட வேண்டிய வரிப்பணத்தையும் எடுத்து ததீயாராதனத்தில் செலவிட்டார். ஒரு தலைப்பில் வந்த பணத்தை மற்றொரு தலைப்பில் செலவிட்டால் எங்கள் தணிக்கையாளர்கள் விடமாட்டார்கள், சோழனும் விடவில்லை. ஆழ்வார் சிறைப்பட்டார். பேரருளாளன் கனவில் தோன்றிக் கச்சிக்கு வரச்சொல்லி, வேகவதிக் கரையில் புதையல் இருக்கும் இடத்தைக் காட்டியருளினான். அரசனுக்கு உரியது செலுத்தப்பட்டது. மீதி மீண்டும் ததீயாராதனத்துக்கே போயிற்று.

அதுவும் தீர்ந்தபோது வழிப்பறியில் இறங்கினார். துணைக்கு நால்வர். நீர்மேல் நடப்பான், நிழலில் ஒதுங்குவான், ஊதியே பூட்டுத் திறக்கும் தாளூதுவான், வாதத்தில் தோற்றறியாத தோலாவழக்கன். பெயர்களே அவரவர் வேலையைச் சொல்லிவிடும். திருமணங்கொல்லையில் வயலாலி மணவாளன் புதுமாப்பிள்ளைக் கோலத்தில் நாச்சியாரோடு வந்ததும், ஆழ்வார் வழிமறித்து அணிகலன்களைப் பறித்ததும், கழற்ற வராத திருவடி மோதிரத்தைப் பல்லால் கடித்து எடுத்ததும், கட்டிய மூட்டையைத் தூக்க முடியாமல் மணமகனை மிரட்டியதும், அவன் அவர் செவியில் திருமந்திரத்தை உபதேசித்ததும் அன்பர்கள் வேடுபறி உற்சவத்தில் ஆண்டுதோறும் அனுபவிப்பவை. கலியன் என்ற திருநாமம் அன்று எம்பெருமானே கொடுத்தது என்பர். அதன்பின் எண்பதுக்கும் மேற்பட்ட திவ்யதேசங்களுக்கு நடந்து ஆறு பிரபந்தங்களை அருளிச்செய்தார்.

யாத்திரைகளின் நிறைவில் திருவரங்கம் வந்தவர், நம்பெருமாளின் கோயிலுக்குத் திருமதிலும் மண்டபங்களும் எடுக்க முற்பட்டார். இன்று பெரிய கோயில் ஏழு திருச்சுற்றுகளும் 21 கோபுரங்களுமாக 156 ஏக்கரில் பரந்திருக்கிறது. அதில் நான்காம் திருச்சுற்றுக்கு இன்றளவும் ஆலிநாடன் திருவீதி என்று பெயர். பிற்காலச் சோழரும் பாண்டியரும் விஜயநகரத்தாரும் கோயில் முழுவதும் கை வைத்திருக்கிறார்கள். ஆனாலும் இந்தச் சுற்றின் பெயரை யாரும் மாற்றவில்லை.

வேலையைத் தொடங்குவது எளிது. பாதியில் நிற்காமல் நடத்துவது கடினம். ஆற்றிடைத் தீவான அரங்கத்தில் மதிலுக்கான கல் கிடையாது. வெளியிலிருந்து காவிரியையோ கொள்ளிடத்தையோ கடந்து வரவேண்டும். கல்தச்சர், கொல்லர், சுதை வேலைக்காரர், சுமப்போர், வண்டியோட்டிகள் என்று ஒவ்வொரு நாளும் கூலிக்குக் கை நீட்டுவோர் நூற்றுக்கணக்கில் இருந்திருப்பார்கள். ஆலிநாட்டு வருவாய் என்றோ போய்விட்டது. அப்போதுதான் நாகப்பட்டினத்து பௌத்த விகாரத்தில் பொன்னாலான புத்தர் திருவுருவம் இருக்கும் செய்தி ஆழ்வாருக்கு எட்டியது.

இங்கே ஒரு சிறு திருத்தம். ஆழ்வார் சூடாமணி விகாரத்தில் புகுந்தார் என்று சிலர் எழுதுகிறார்கள். சூடாமணி விகாரம் கட்டப்பட்டது முதலாம் ராஜராஜ சோழனின் 21-ஆம் ஆட்சியாண்டை ஒட்டி, அதாவது கி.பி. 1006 அளவில். ஸ்ரீவிஜய நாட்டு மன்னன் எழுப்பிய அந்த விகாரத்துக்கு ராஜராஜன் ஆனைமங்கலம் என்னும் ஊரை அளித்ததை லெய்டன் செப்பேடுகள் சொல்கின்றன. ஆழ்வாரோ அதற்கு இரு நூற்றாண்டுகள் முந்தியவர். ஆனால் நாகப்பட்டினத்தில் பௌத்தம் அதற்கும் முன்பே இருந்தது. சீனத்திலிருந்து வருவோருக்காகப் பல்லவன் ராஜசிம்மன் காலத்தில் அங்கே ஒரு கோயில் எழுந்ததைச் சீன நூல்கள் குறிக்கின்றன. ஆகவே கதையின் விகாரம் வேறு. ஊர் அதே ஊர்தான்.

விகாரத்தின் பொறியமைப்பை அதைச் செய்த சிற்பியிடமிருந்தே தந்திரமாக அறிந்துகொண்டு, துணைவர்களோடு புகுந்து, பொன்னுருவத்தை எடுத்துக்கொண்டு ஆழ்வார் புறப்பட்டார். திருக்கண்ணங்குடியை அடைவதற்குள் பொழுது புலரும் வேளை. உழுது கிடந்த வயலின் சேற்றில் பொன்னைப் புதைத்துவிட்டு, அருகிலிருந்த புளியமரத்தைத் தூங்காமல் காவலிருக்கப் பணித்துப் படுத்தார். மரங்கள் இரவில் இலைகளைக் குவித்துத் தூங்கும். இந்த மரம் தூங்கவில்லை. உறங்காப்புளி என்ற பெயர் இன்றும் அவ்வூரில் வழங்குகிறது. விடிந்ததும் நிலத்துக்குரியவன் ஏர் கொண்டுவந்தான். நிலம் தம்முடையது என்றார் ஆழ்வார். பத்திரம் காட்ட ஒருநாள் கெடு கேட்டார். வழக்குத் தீரவில்லை, அவ்வூரில் வழக்குகளே தீராது என்ற பேச்சும் அதிலிருந்து பிறந்தது. தாகத்துக்கு நீர் தர மறுத்த பெண்களின் கிணறு ஊறாக் கிணறானதும், நிழல் தந்த மகிழமரம் காயா மகிழானதும் அதே பொழுதில்தான்.

பின்னர் விகாரத்தார் தேடிக்கொண்டு வந்தனர். ஆழ்வார் மறுக்கவில்லை என்கிறது கதை. குறித்த கெடுவுக்குப் பின் சிறுவிரல் உட்படத் திருப்பித் தருவதாக எழுதிக் கொடுத்தார். கெடு வந்தது. அவர்கள் ஓலையோடு வந்தபோது பொன் முழுதும் மதிலாகியிருந்தது. மிஞ்சியது விரல் மட்டும். எழுதிய வாசகத்துக்கு விரல் மட்டும் என்று பொருள் கூறி அதையே கொடுத்து அனுப்பினார். இந்த இடத்தில் தோலாவழக்கனின் கை இருந்திருக்கும் என்பது அடியேனின் ஊகம்.

வங்கியில் கடன் பத்திரங்களையும் புரோநோட்டுகளையும் வரி வரியாக வாசித்துக் கையெழுத்து வாங்கியவன் அடியேன். அப்படிப்பட்ட ஓலையை நான் ஏற்றிருக்கமாட்டேன். சிரிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. நாகப்பட்டினத்தாருக்கு அது பொன் அல்ல, தொழுத திருவுருவம். நம் கோயில்களிலிருந்து திருமேனிகள் களவுபோய்க் கடல்கடந்து விற்கப்பட்ட செய்திகளைப் படித்து வருந்தும் நமக்கு அந்த வருத்தம் புரியாமலிருக்க முடியாது. பெரியோர்கள் இதற்கு ஸமாதானம் கூறுவர். ஆழ்வார் தமக்கென்று ஒரு மஞ்சாடிப் பொன்னும் வைத்துக்கொள்ளவில்லை. அனைத்தும் அரங்கனுக்கே ஆயிற்று. பகவத் கைங்கர்யத்தின் வேகத்தில் நடந்ததை நம் அளவுகோலால் அளக்கலாகாது என்பர். அடியேன் அதைத் தலைவணங்கி ஏற்கிறேன். ஆனால் ஆழ்வாருக்கு அனுமதிக்கப்பட்டது நமக்கும் அனுமதிக்கப்பட்டது என்று எந்தப் பூர்வாசாரியரும் சொல்லவில்லை என்பதையும் நினைவில் வைத்திருக்கிறேன்.

மதில் எழுந்த விதத்தைப் பற்றி ஓர் இனிய செய்தி உண்டு. மதிலுக்கு நூல் பிடித்தபோது அது தொண்டரடிப்பொடியாழ்வாரின் திருநந்தவனத்தின் குறுக்கே போயிற்று. அரங்கனுக்குத் திருமாலை கட்டுவதையே வாழ்வாகக் கொண்டவர் அவர். நேர்கோட்டைக் காப்பதா, துளசிச் செடியைக் காப்பதா? ஆழ்வார் மதிலை ஒதுக்கிக் கட்டச் சொன்னார். மகிழ்ந்துபோன தொண்டரடிப்பொடியாழ்வார், தம் தோட்டத்துக் கருவிக்குத் திருமங்கையாழ்வாரின் திருநாமங்களில் ஒன்றான அருள்மாரி என்பதையே இட்டார் என்று சொல்வதுண்டு. எங்கள் கூடத்துக்கும் இதில் ஒரு பாடம் கிடைத்தது. வரைபடத்தில் மூலையிலிருந்த பவழமல்லிச் செடி தூணின் வழியில் இருந்தது. தூணை ஒன்றரை அடி தள்ளிவைத்தோம். மேஸ்திரி முதலில் முணுமுணுத்தார். பிறகு தாமே செடியைச் சுற்றிச் செங்கல் அடுக்கிக் காவலிட்டார்.

இனி, அன்றிரவு அடியேனைத் தூங்கவிடாத பகுதி.

மதில் முடிந்தது. பொன் முடிந்தது. வேலையாட்களின் கூலி நிலுவையில் நின்றது. அவர்கள் கேட்டார்கள், பலமுறை கேட்டார்கள். ஆழ்வார் அவர்களை அழைத்துக்கொண்டு கொள்ளிடத்துக்குச் சென்றார். அக்கரையில் பொருள் இருக்கிறது என்று ஓடத்தில் ஏற்றினார். வடவெள்ளம் பெருகியிருந்த நேரம். நடு ஆற்றில் ஓடம் கவிழ்ந்தது. கவிழ்க்கப்பட்டது என்றே குருபரம்பரை சொல்லும். ஏறியவர்கள் அனைவரும் மூழ்கினர். அவர்களுடைய பிள்ளைகளும் பேரர்களும் ஆழ்வாரிடம் வந்து, எங்கள் தந்தையர் எங்கே, அவர்களுக்குரிய கூலி எங்கே என்று கேட்டனர். ஆழ்வார் அவர்களை நீராடித் திருமண் தரித்து ஆற்றை நோக்கி அவரவர் முன்னோரைக் கூவி அழைக்கச் சொன்னார். மாண்டவர்கள் தோன்றினர். தாங்கள் அரங்கன் திருவடியை அடைந்துவிட்டதாகவும், இதற்கு மேற்பட்ட கூலி இல்லை என்றும், நீங்களும் ஆழ்வாரைப் பற்றி உய்யுங்கள் என்றும் சொல்லி மறைந்தனர்.

கொல்லும் இடம் என்பதே கொள்ளிடம் ஆயிற்று என்று இதையொட்டிச் சிலர் சொல்வார்கள். அது சொல்லளவில் பொருந்தாது. காவிரியின் மிகுவெள்ளத்தைக் கொள்ளும் இடம் கொள்ளிடம். ஊரைக் காக்கும் ஆறு அது. ஆனால் மக்கள் அப்படி ஒரு பொருளை ஆற்றுக்கு ஏற்றினார்கள் என்பதே, இந்த நிகழ்ச்சி அவர்கள் நெஞ்சில் எவ்வளவு ஆழமாக விழுந்தது என்பதைக் காட்டுகிறது.

இந்தக் கதையை உபந்யாஸங்களில் கேட்கும்போது, மோக்ஷமே கூலியாகக் கிடைத்தது என்ற முடிவில் சபை நெகிழும். அடியேனும் நெகிழ்ந்திருக்கிறேன். எம்பெருமானின் மதிலுக்குக் கல் சுமந்தவர்களுக்கு அவன் திருவடி கிடைத்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அன்றிரவு என் கண்முன் நின்றது கரையில் நின்ற பிள்ளைகள். கதை அவர்களை மறைக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஆழ்வாரின் பெருமையைச் சொல்ல வந்த பெரியோர்கள், விரும்பியிருந்தால் இந்த நிகழ்ச்சியையே விட்டிருக்கலாம். கூலி கொடுபடவில்லை என்று எழுதினார்கள். பிள்ளைகள் வந்து கேட்டார்கள் என்றும் எழுதினார்கள். பாக்கியை மறைக்காமல் பேரேட்டில் ஏற்றினார்கள். ஆறாயிரப்படி குருபரம்பராப்ரபாவத்தை அருளிய பின்பழகிய பெருமாள் ஜீயர் முதலான பெரியோரின் நேர்மை இது.

அதைவிடப் பெரியது ஆழ்வாரின் நேர்மை. பெரிய திருமொழியின் தொடக்கத்திலேயே தாம் கள்வனாயிருந்ததை ஒளிக்காமல் சொல்கிறார். திருவேங்கடத்தைப் பாடும் பதிகம் ஒன்றில், குறிக்கோள் ஏதுமின்றிப் பல உயிர்களைக் கொன்றதையும், வந்து இரந்தவர்களுக்கு ஒருநாளும் இனிய சொல் சொல்லாததையும் தம் வாயாலேயே அறிக்கையிட்டு, அடியேனை ஆட்கொள்ள வேண்டும் என்று விழுகிறார். அந்தப் பாசுரத்தை மதிலோடு சேர்த்து எந்த வியாக்யானமும் பேசுவதில்லை. காலத்தால் முந்தியதோ பிந்தியதோ, அது போர்வாழ்வைப் பற்றியதாகவே இருக்கலாம். ஆயினும் கைநீட்டி நிற்பவருக்கு இனிய சொல் சொல்லாமை ஒரு பாவமென்று, உயிர்க்கொலைக்கு அடுத்த வரியில் வைத்தவர் அவர். சனிக்கிழமை மாலை எங்களில் ஒருவரும் அந்த அம்மாளிடம் இனிமையாக ஒரு சொல் சொல்லவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. தணிக்கைக் குறிப்புக்குப் பதில் எழுதும் குரலில்தான் நான் பேசியிருந்தேன்.

மதில் முடிந்தபின் ஆழ்வார் அரங்கனிடம் கேட்ட வரம் கல்லைப் பற்றியதன்று என்று கோயிலொழுகு முதலான நூல்கள் கூறும். திருக்கார்த்திகை நாளில் நம்பெருமாள் திருமுன்பே திருநெடுந்தாண்டகத்தை விண்ணப்பித்து, நம்மாழ்வாரின் திருவாய்மொழிக்கு வேதத்துக்கு ஒத்த ஏற்றம் தந்து ஒரு திருநாள் நடத்த வேண்டும் என்று வேண்டினார். அப்படியே திருநகரியிலிருந்து நம்மாழ்வார் எழுந்தருளப்பெற்று, மார்கழி வளர்பிறை ஏகாதசி தொடங்கி அத்யயன உற்சவம் ஏற்பட்டது. இடையில் நின்றுபோனதை நாதமுனிகள் மீட்டார். இன்று டொராண்டோவிலும் சிங்கப்பூரிலும் மார்கழி இருட்டில் எழுந்து திருவாய்மொழி ஸேவிக்கும் அன்பர்கள், ஆலிநாடன் திருவீதியில் ஒரு கல்லைக்கூடப் பார்க்காதவர்களாக இருந்தாலும், அவர் கட்டியதற்குள்ளேதான் இருக்கிறார்கள்.

பெரிய கோயிலில் கட்டட வேலை அதன்பின்னும் ஓயவில்லை. விஜயநகரத்து அச்யுததேவராயர் காலத்தில் தெற்கே பெரிய கோபுரத்துக்குக் கல்லால் அடிப்பகுதி எழுந்து, மேலே எழாமல் நின்றுவிட்டது. நான்கு நூற்றாண்டுகளுக்கு மேல் அது மொட்டைக் கோபுரம் என்றே வழங்கிற்று; இன்று திருவெள்ளறையில் நிற்பதைப்போல. அதை முடிக்க 1979-இல் முன்வந்தவர் அஹோபில மடத்தின் 44-ஆம் பட்டம், முக்கூர் அழகியசிங்கர் என்று அன்பர்கள் அழைக்கும் ஸ்ரீவேதாந்ததேசிக யதீந்த்ர மஹாதேசிகன். அப்போது அவர் எண்பது வயதைக் கடந்திருந்தார். அரசுகளும் தனவான்களும் கொடுத்தார்கள். எளியவர்கள் ஒரு ரூபாயும் இரண்டு ரூபாயும் கொடுத்தார்கள். 13 நிலைகளோடு 236 அடி உயர்ந்த அந்த ராஜகோபுரத்துக்கு 1987 மார்ச் 25 அன்று ஸம்ப்ரோக்ஷணம் நடந்தது. அந்நாட்களில் அடியேன் வங்கியில் இளநிலை அதிகாரி. சாரம் கட்டிய கோபுரத்தைக் காவிரிப் பாலத்தின்மேல் பேருந்திலிருந்து பார்த்துக்கொண்டே வேலைக்குச் சென்ற நினைவு இன்னும் இருக்கிறது. ஒவ்வொரு மாதமும் சாரம் ஒரு நிலை ஏறியிருக்கிறதா என்று எண்ணுவேன். சில மாதங்களில் ஏறியிருக்காது. அப்போதெல்லாம் கல்லோ சுண்ணாம்போ வந்திருக்காது என்றுதான் நினைத்தேனே தவிர, கூலி வந்திருக்குமா என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

திருமங்கையாழ்வார் தம் கடைசிக் காலத்தில் தெற்கே திருக்குறுங்குடிக்கு எழுந்தருளினார். நம்பியின் திருவடிவாரத்திலேயே தங்கி அங்கேயே திருநாட்டுக்கு எழுந்தருளினார். அவருடைய திருவரசு அங்குள்ளது. நாடாண்டவர், கொள்ளையடித்தவர், மதில் கட்டியவர். கையில் வேலும் இடையில் வாளுமாக இன்றும் அவரது திருமேனியைச் சேவிக்கிறோம். அந்தக் கைகள் குவிந்திருக்கும். திருவெள்ளறைப் பதிகத்திலும் அப்படித்தான். மன்னர் குலத்தை மூவேழு முறை வேரறுத்த பரசுராமனின் மழுவில் தொடங்குகிறார். உடனேயே, உன் திருவடியைத் தொழும் வகையை எனக்கு அருள வேண்டும் என்று கேட்கிறார். மழு ஏந்தியவனிடம் வாள் ஏந்தியவர் கேட்ட வரம்.

எங்கள் கூடத்தைப் பற்றி விசாரித்து எழுதும் வெளியூர், வெளிநாட்டு அன்பர்களுக்காக நிலவரத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே, கோஷ்டியில் நால்வர் கைப்பணத்தைச் சேர்த்து, மேஸ்திரியின் ஊருக்குச் சென்று நிலுவைக் கூலியைக் கொடுத்துவிட்டு வந்தோம். தூக்குப் பாத்திரம் வைத்திருந்த அம்மாள் வீட்டில் இல்லை. திருவெள்ளறைக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். மகளிடம் கொடுத்தோம். அதன்பின் இரண்டு வாரம் வேலையை நிறுத்தி, கையில் தொகை சேர்ந்த பிறகே தளம் போட்டோம். இப்போது தளம் முடிந்து சென்ட்ரிங் பலகைகள் பிரித்தாயிற்று. உட்பூச்சு நடக்கிறது. தரைக்குக் கல் பதிப்பதும் இரண்டு சன்னல்களும் கைகழுவும் தொட்டியும் பாக்கி. பவழமல்லி பூக்கத் தொடங்கியிருக்கிறது. வரும் திருக்கார்த்திகைக்குள் முடிக்க எண்ணம். முடியாவிட்டால் அடுத்த திருக்கார்த்திகை.

திருமங்கையாழ்வார் திருவடிகளே சரணம்.